ஒன்பதாம் அத்தியாயத்துக் கழுதை

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் வீட்டு நடைவழியில் நிற்கும் கழுதை ஒரு நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து வந்தது. படியேறி வரவில்லை. அந்தக் கட்டடத்துப் படிகளில் ஒரு பீரோவை ஏற்றுவதற்கே நாலு ஆள் மூச்சு வாங்க வேண்டும், கழுதை எங்கே ஏறுவது? லிஃப்டும் கிடையாது. ஊரில் பாதி லிஃப்டை ஓட வைக்கிற மனிதர் தன் வீட்டுக்கு மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டீ குடித்த டம்ளர்களைக் கழுவப் போட அவர் மனைவி எழுந்து போனபோது அது செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறம், இடது காதின் நுனியில் ஒரு வெட்டு, கழுத்தில் கயிறு, எல்லாம் நாவலில் எழுதியிருந்தபடியே. கயிற்றின் மறுமுனை அலமாரி மேல் விரித்து வைத்திருந்த புத்தகத்துக்குள் போயிற்று. அந்த அம்மாள் கத்தவில்லை. "இதுக்கு வேற இனிமே பெருக்கணுமா" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பகல் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி பொருத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில். ஒருநாள் பொறுக்க முடியாமல், தான் சின்ன வயதில் படித்த நாவலை வாங்கி வந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது, எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு வயதில் படித்துவிடுவது. காணாமல் போன அக்காவைத் தேடி ஒரு பையன் கழுதையோடு கிளம்புகிற கதை. ஞாயிறுதோறும் ஒரு அத்தியாயம், வாசிப்பது அப்பா, ஏனென்றால் மோட்டார் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அவருடையது. வாசித்த பிறகு அதைப் பற்றி நாலு பேரும் பேச வேண்டும். இதுவரைக்கும் நல்ல யோசனைதான், யாரும் குறை சொல்ல முடியாது. கெட்டது எங்கே என்றால் அப்பா போட்ட விதியில். லிஃப்டில் ஒரு மாடிக் கதவு சரியாக மூடாமல் அடுத்த மாடிக்குப் போகக் கூடாது, அதேபோல ஒரு அத்தியாயத்தைப் பற்றி எல்லாரும் ஒரு முடிவுக்கு வராமல் அடுத்த அத்தியாயத்தைத் திறக்கக் கூடாது என்றார். எட்டு அத்தியாயம் வரை கதவு மூடியது. ஒன்பதில் பையன் ஒரு பெரிய ஆற்றங்கரைக்கு வந்து சேருகிறான். படகில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்கிறான் படகோட்டி. பையன் கழுதையைக் கரையில், சேறு இல்லாத மேட்டில், ஒரு மரத்தில் கட்டிவிட்டு அக்கரைக்குப் போய்விடுகிறான். அத்தோடு அத்தியாயம் முடிகிறது. கதவு திறந்தபடியே கிடந்தது, கழுதை வெளியே வந்துவிட்டது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று அப்பாவே சொன்னார்.

பையன் செய்தது சரி என்பது அப்பாவின் கட்சி. அக்காவைத் தேடிப் போகிறவன் கழுதைக்காக நின்றால் அக்கா கதி என்ன? அம்மா, பெற்ற பிள்ளை மாதிரி கூடவே வந்த ஜீவனை விட்டுவிட்டுப் போகிறவன் அக்காவைக் கண்டுபிடித்து மட்டும் என்னத்தைக் கிழிக்கப் போகிறான் என்றார். பெரியவனுக்கு அப்போது பள்ளி முடிக்கிற வயது, தெருவில் அவனுக்கு லாயர் என்றே பெயர். அவன் பையனையும் கழுதையையும் விட்டுவிட்டு, குற்றவாளி படகோட்டிதான் என்று பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் மாறி மாறிப் பேசினார்கள், பிறகு ஒரே நேரத்தில் பேசினார்கள். சின்னவளுக்கு எட்டு வயது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வலித்தபோது மறு கையால் தாங்கிக்கொண்டாள்.

"அப்பா, கயிறு..." என்றாள்.

"இரும்மா, அண்ணன் முடிக்கட்டும்" என்றார் அப்பா. அண்ணன் முடிக்கவில்லை.

அவள் சொல்ல வந்தது ரொம்பச் சின்ன விஷயம். மேட்டில் கட்டினால் கயிறு ஆறு வரைக்கும் எட்டாது, அதனால் கழுதைக்குத் தாகமாக இருக்கும். அவ்வளவுதான். சரியா தப்பா என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம். அவள் கண் முன்னால் அது செருப்பு அலமாரிக்கும் குளியலறைக்கும் நடுவே நின்றது, குளியலறை வாசலில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது, கயிறு ஒரு சாண் எட்டவில்லை. கழுதை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றது. அவளே ஒரு குவளையை எடுத்து வைத்தால் தீர்ந்து போகிற காரியம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள், தெருவில் நாங்களும் கேட்டோம். ஆனால் கழுதை வந்த மறுநாளே அப்பா தன் பையிலிருந்து ஒரு சிவப்புத் தகரப் பலகையை எடுத்து அதன் கழுத்தில் மாட்டிவிட்டார். லிஃப்ட் ரிப்பேரில் இருக்கும்போது வாசலில் மாட்டுகிற பலகை. 'வேலை நடக்கிறது. தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கும். இந்தப் பலகையைப் பார்க்காமல் ஒருத்தன் சுவிட்சைப் போட்டதில் அப்பாவோடு வேலை செய்தவருக்கு இரண்டு விரல் போயிற்று. மற்ற வீட்டுப் பிள்ளைகள் பேய்க் கதை கேட்டுச் சாப்பிட்டார்கள் என்றால் இந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த இரண்டு விரல் கதையைக் கேட்டுச் சாப்பிட்டார்கள். நியாயம் முடிவாகாமல் புல்லோ தண்ணியோ வைத்தால் அது ஒரு கட்சிக்குச் சாய்ந்ததாக ஆகிவிடும் என்று லாயர் வேறு விளக்கம் கொடுத்தான். சின்னவள் ஒருமுறை துணிந்து ஒரு குவளையை நகர்த்தி வைத்தாள். அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. பலகையைக் காட்டி, "போர்டு இருக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் குவளையை எடுத்துப் போய்விட்டார். பேசி முடித்துத்தான் ஆக வேண்டும். பேசத்தான் விடமாட்டேன் என்கிறார்களே!

வருஷங்கள் ஓடின. அம்மா மூன்று தடவை கட்சி மாறினார், ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்ததைவிட உறுதியாக. அப்பா ஒரு முழு மழைக்காலம் படகின் எடை தாங்கும் சக்தியைப் பற்றியே பேசினார், லிஃப்டில் எழுதியிருப்பது போல அதிலும் எத்தனை பேர் என்று எழுதியிருக்க வேண்டும் என்றார். லாயர் நிஜமாகவே சட்டம் படிக்க வெளியூர் போனான், ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். பெரியப்பா ஒருநாள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் நனைந்த குடையைக் கழுதையின் கழுத்தில் மாட்டிவிட்டு உள்ளே போய் விவாதத்தில் கலந்துகொண்டார், பத்திரிகை வைக்க மறந்தே போனார். கீழ்வீட்டுத் தையல்காரர் தன் துணிகள் மேல் காரை உதிர்கிறது என்று புகார் சொல்ல மேலே ஏறினார், படகோட்டி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். தெருவில் நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்சியில் இருந்தோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. ஊர்ப்பட்ட கருணையை ஆளாளுக்கு வாயில் வைத்துக்கொண்டிருந்தோம், நடைவழியில் வாளி அப்படியே இருந்தது.

ஞாயிறுதோறும் சின்னவள் கையைத் தூக்கினாள். "கயிறு" என்றாள், "கயிறு எட்டாது" வரை கூட ஒருமுறை போனாள். "அதெல்லாம் அப்புறம்" என்றார்கள். "நல்ல பாயிண்ட், ஆனா" என்று பிடுங்கிக்கொண்டான் அண்ணன், பாயிண்ட் என்னவென்றே கேட்காமல். "உனக்கு என்னடி தோணுது, சொல்லு" என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, அவள் மூச்சை இழுப்பதற்குள் தனக்குத் தோன்றியதைச் சொல்ல ஆரம்பித்தார் அம்மா. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தலையணையைக் கடித்தாள். பிறகு கை தூக்குவதை நிறுத்தினாள், பிறகு கூடத்தில் உட்காருவதை நிறுத்தினாள், பிறகு மற்ற விஷயங்களைப் பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள். அமைதியான பொண்ணு என்று டீச்சர் சொன்னபோது அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நடைவழியில், பலகையைத் தொடாத தூரத்தில், கழுதைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருப்பாள். அது இளைத்துக்கொண்டே வந்தது. எண்ணெய் பட்ட காகிதம் போலத் தோல் மெலிந்து, விலா எலும்புகளுக்கு நடுவே அச்செழுத்துகள் தெரிய ஆரம்பித்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றிரண்டு வரி படிக்கலாம்.

அவளுக்குப் பன்னிரண்டு முடிந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விவாதம் நடக்கிற நேரத்தில் கழுதை முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. சத்தம் கேட்டு மூன்று பேரும் ஓடிவந்தார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அது இங்கே செத்துப்போனால் பழி பையன் மேலா, எழுதினவர் மேலா என்று ஆரம்பித்தார்கள். பையன் மேல்தான் என்றார் அம்மா. கட்டினது அவன், சாகடிப்பது நேரம் என்றார் அப்பா. எழுதினவர் உயிரோடு இல்லாததால் அவர் மேல் வழக்குப் போட முடியாது என்று லாயர் தொடங்கினான்.

"அதுக்குத் தண்ணி வேணும்" என்றாள் சின்னவள்.

"இரும்மா" என்றார் அப்பா.

இதுவரை அவள் யார் குறுக்கே பேசினாலும் நிறுத்திக்கொள்கிறவள். அன்றைக்கு நிறுத்தவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், வேறு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. "மேட்டுல கட்டினா கயிறு எட்டாது. ஆறு பக்கத்துலயே இருக்கு, குடிக்க முடியல. இங்கயும் வாளி பக்கத்துலயே இருக்கு, குடிக்க முடியல. நான் எட்டு வயசுலேர்ந்து சொல்றேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ யாராவது என்னை முடிக்க விட்டீங்களா?" அப்பாவின் குரல் மேலே ஏறியது, அவள் நிறுத்தவில்லை. அண்ணன் விரலை நீட்டினான், அவள் நிறுத்தவில்லை. நாலு குரலும் ஒன்றாகக் கொஞ்ச தூரம் ஓடின. முதலில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, பிறகு அம்மா ஓய்ந்தார், கடைசியில் மோட்டாரை மீறிப் பேசுகிற அந்தக் குரலும் நின்றது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்தபோது முகம் முழுக்கக் கண்ணீரும் சளியுமாக இருந்தது.

அப்பா வாளியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பிறகு உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அவள் போட்ட சத்தத்தில் கீழே தையல்காரர் கத்தரிக்கோலை நழுவவிட்டார். அது வார்த்தை இல்லை, வெறும் சத்தம். பிறகு எழுந்து பலகையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், இரண்டு கை தேவைப்பட்டதால். வாளியைத் தூக்கி வந்து வைத்தாள். கழுதை குடித்தது. இரண்டாம் வாளியையும் குடித்தது. அப்பா கொண்டுவந்ததையும் அம்மா கொண்டுவந்ததையும் லாயர் சட்டையெல்லாம் நனையக் கொண்டுவந்ததையும் குடித்தது. மொட்டைமாடித் தொட்டி காலியாயிற்று, பக்கத்துக் கட்டடத் தொட்டி காலியாயிற்று, அன்றைக்கு இருட்டுகிற வரை எங்கள் தெருவில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. யாரும் சண்டைக்குப் போகவில்லை. விஷயம் கேள்விப்பட்டதும் குடத்தில் பிடித்து வைத்திருந்ததைக் கூடச் சிலர் மேலே கொடுத்தனுப்பினார்கள். கழுதையின் விலா மூடிக்கொண்டது, எழுத்துகள் மறைந்தன. அலமாரி மேல் புத்தகம் தானாக ஒரு பக்கம் புரண்டது.

பத்தாம் அத்தியாயத்தைச் சின்னவள்தான் வாசித்தாள், நடைவழியிலேயே உட்கார்ந்து. அதில் கழுதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினொன்றிலும் இல்லை. பையன் அக்காவைக் கண்டுபிடித்தான், இருவரும் வீடு திரும்பினார்கள், வேறு வழியாக. எழுதினவர் கழுதையை மறந்தே போயிருந்தார். கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்ததும் கயிறு புத்தகத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கழுதை கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தது, பிறகு வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டது. போக இடமில்லாததை யாரும் எங்கேயும் போகச் சொல்லவில்லை. அப்பா வேலை முடிந்து வரும்போது, "கொஞ்சம் நகரு" என்பார், அது நகரும், அவர் செருப்பை விடுவார்.

பலகை திரும்ப அப்பாவின் பைக்குப் போகவில்லை. இப்போது வேறு புத்தகம் ஓடுகிறது. சின்னவள் பேச ஆரம்பிக்கும்போது அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். 'வேலை நடக்கிறது. தொடாதீர்கள்.' அப்பா வாயைத் திறப்பார், பலகையைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். இரண்டு விரல் கதை சொன்ன வாய் அல்லவா. கழுதையும் நடைவழியை விட்டுக் கூடத்துக்கு நடந்து வந்து, அவள் பேசி முடிக்கிற வரை நிற்கும். போன மாதம் இரண்டாம் மாடியில் இன்னொரு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், மேலே என்ன டொக்கு டொக்கு என்று சத்தம், யாராவது உரல் இடிக்கிறார்களா என்று தையல்காரரிடம் விசாரித்தார். தையல்காரர் மிஷினை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"அது கழுதைங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்ல, பாப்பா பேசிட்டிருக்கும்."