விளையாட்டு விமானம்

முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரிக்கு ராணுவ விமானமே கூடாது என்று ஜெயித்தவர்கள் ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். எழுதிவிட்டால் ஆயிற்றா? ராணுவம் சட்டையை மாற்றிக்கொண்டு விளையாட்டுக் கழகமாகிவிட்டது. மேஜர் போர்சோடி கோட்டும் தொப்பியுமாகக் கழகச் செயலாளர் ஆனார். எஞ்சினியர் லோராண்ட் வரைந்த இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானத்துக்கு மஞ்சள் சாயம் பூசினார்கள். திசா நதிக்கரையில் ஊரறிந்த ரகசியம் அது.

லோராண்டுக்கு அந்த விமானத்தை விட்டால் வேறு நாதியில்லை. பழகுகிறவன் பயந்து கையை எடுத்தாலும், சுற்றிக்கொண்டே கீழே விழும் சுழலிலிருந்து தானாகவே நிமிரும்படி கட்டியிருந்தான். மேஜர் சும்மா இருப்பாரா? நாளைக்கு அது குண்டு சுமக்க வேண்டுமே! மூக்கில் பெரிய எஞ்சினை ஏற்றச் சொன்னார். சமன்செய்ய லோராண்ட் வாலில் ஈயம் வைத்தான். அடுத்த சோதனையில் விமானம் தட்டாமாலை சுற்றி, தரைக்குச் சற்று மேலேதான் நிமிர்ந்தது. வால் துடுப்பை உயர்த்தியாக வேண்டும் என்று லோராண்டுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் தாமதமாகும், மேஜர் இதைக் கைவிட்டு இத்தாலி விமானத்தை வாங்கிவிடுவார். வாயை மூடிக்கொண்டான்.

இந்த விமானம் வேண்டுமா என்று அமைச்சகத்து ஆட்கள் பார்த்து முடிவு சொல்ல வந்த நாள். விமானி வென்டெல் பன்றிக் கொழுப்பையும் ரொட்டியையும் மென்றபடி பாராசூட்டை மாட்டிக்கொண்டிருந்தான். போர்க்காலத்திலிருந்து இருவரும் உயிர் நண்பர்கள்.

"டேய் லோராண்ட், அன்னைக்கு சுழல்ல அடம் பிடிச்சுதே, சரி பண்ணிட்டியா?"

"பண்ணியாச்சுடா."

"அப்புறம் ஏன்டா தரையைப் பாக்குறே? பாவமன்னிப்புக்கு வந்தவன் மாதிரி!"

லோராண்ட் சிரித்து வைத்தான்.

அப்போது வாசலில் ஒரு கார் திரும்பியது. சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கினார்கள், ஜெயித்த நாடுகளின் கண்காணிப்பு அதிகாரிகள். மேஜர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"பாராசூட்டைக் கழட்டுய்யா! ராணுவ முத்திரை இருக்கு. பாத்தா மாட்டிக்குவோம்!"

"அப்ப பறக்கலையா?"

"நிறுத்தினா சந்தேகப்படுவானுங்க. ஏறு!"

"கீழ விழுந்தா என்னைத் தொப்பியில பிடிப்பீங்களா?"

"அதெல்லாம் விழாது. எஞ்சினியரையே கேளு!"

வென்டெல் திரும்பி லோராண்டைப் பார்த்தான். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அது தொண்டை வரை வந்துவிட்டது. நாற்காலிகளில் அமைச்சகத்து ஆட்கள் காத்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாதுடா," என்றான் லோராண்ட்.

வென்டெல் பாராசூட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு ஏறினான். லோராண்ட் அதைக் கொட்டகைக்குள் ஒளித்துவிட்டு வந்தான்.

மேலே போன விமானம் சோதனைத் திட்டப்படி சுழலில் இறங்கியது. மூக்கு கீழே நோக்கியிருந்தவரை லோராண்டுக்கு மூச்சு இருந்தது. பிறகு மூக்கு நிமிர, விமானம் மீட்க முடியாதபடி தட்டையாகச் சுற்ற ஆரம்பித்தது. "ஈயத்தை வாலில் வைத்த பாவி நான்தானே" என்று மனசு கதறியது. அது சுற்றிச் சுற்றியே சோளக்கொல்லைக்குள் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது வென்டெலுக்கு உயிர் இல்லை.

அயல்நாட்டு அதிகாரிகள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஒரு பாராசூட்டுக்குக்கூட வழியில்லாத ஏழைக் கழகம் என்று இரக்கப்பட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

மேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கமான பையன். பாவம். ஆனா அவனுங்க நம்பிட்டானுங்க. அமைச்சகத்துலயும் இன்னொரு வாய்ப்பு தராங்களாம். இதைச் சரி பண்ண முடியுமாய்யா?"

"முடியும்," என்றான் லோராண்ட். அந்தக் குரல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. "வால் துடுப்பை ஒரு சாண் உயர்த்தணும்."

"ஒரு சாணா? அவ்வளவுதானா?" மேஜருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அடப் போய்யா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பேனே!"