இழுத்துப் பிடித்த கடிவாளம்

குதிரைப் பந்தயங்களை அலசும் யூடியூப் சேனல் ஒன்றை ஜெனிஷாவும் அவள் தம்பி டேனியும் முகப்பேர் வீட்டிலிருந்து நடத்திவந்தார்கள். ஜெனிஷா எழுதித் தருவாள். டேனி கேமரா முன் உட்கார்ந்து பேசுவான்.

அந்த வாரம் அவள் எழுதியது ஞாயிறு மாலை ஓடவிருந்த மான்சூன் பெல் என்ற இளம் பெண்குதிரையைப் பற்றி. ஓடிய மூன்று பந்தயத்திலும் தோற்ற குதிரை. வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஜெனிஷாவுக்குக் காரணம் புரிந்தது. கடைசி வளைவு தாண்டியதும் குதிரை கழுத்தை நீட்டிப் பாய்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறான். மூன்று பந்தயத்திலும் அதே கதை. 'வேகத்துக்குக் குறைவில்லை. ஓடவிட்டால் ஜெயிக்கும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை நேரலை தொடங்கியது. காபி கலந்துகொண்டிருந்தவளின் காதில் டேனியின் குரல் விழுந்தது.

"மான்சூன் பெல்லா? அத்த மறந்துடு மாமே. பீச்சுல சவாரிக்குதான் லாயக்கு."

டம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தாள். "நான் எழுதுனது இன்னா, நீ பேசறது இன்னா?"

டேனி அவசரமாக மைக்கை அணைத்தான். "கத்தாதக்கா. அத்தோட டிரெய்னர் சுப்பராயன் சார் போன் பண்ணாரு. மட்டமா பேச சொன்னாரு. யாரும் அது மேல கட்டலன்னாதான் அவங்க பணம் கட்டும்போது ஒண்ணுக்குப் பத்தா கெடைக்குமாம். பதிலுக்கு இனிமே அவரு லாயத்து நியூஸ்லாம் நமக்குத்தான் மொதல்ல."

"பொறந்ததே ஓடுறதுக்கு. அத்த புடிச்சு வச்சி தோக்கடிக்கிறானுங்க. நீ ஜால்ரா தட்டிகினு கீற! எந்திரி!"

நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். அவன் எழுந்துவிட்டான். அவள் உட்கார்ந்து மைக்கைப் போட்டாள். மூன்று பந்தய வீடியோக்களையும் மெதுவாக ஓடவிட்டாள்.

"குதிரைய பாக்காதீங்க, ஜாக்கி கைய பாருங்க. இப்ப சொல்லுங்க, தோத்தது யாரு?"

திட்டம் உடைந்ததும், அன்று மதியமே குதிரைக்கு இருமல் என்று சொல்லி சுப்பராயன் அதை மாலைப் பந்தயத்திலிருந்து விலக்கினார். பொம்பளைக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று கமெண்டில் பலர் ஏசினார்கள். ஆனால் வீடியோ பரவியது. பந்தய அதிகாரிகள் ஜாக்கியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவனுக்குத் தடை விழுந்தது.

அடுத்த மாதப் பந்தயத்தில் அதன்மேல் வேறொரு ஜாக்கி ஏறினான். கடைசி வளைவில் கடிவாளத்தைத் தளர்த்தினான். மான்சூன் பெல் மற்ற குதிரைகளைப் பின்னால் விட்டுத் தனியாக வந்து ஜெயித்தது. டிவி முன் நின்றிருந்த ஜெனிஷா அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் போன் சிணுங்கியது. பக்கத்து அறையிலிருந்து டேனி சேனலில் தன் படத்தைப் போட்டு, 'அப்பவே சொன்னோம்ல!' என்று எழுதியிருந்தான்.

"அந்தப் படத்த எடுடா!"

"அதான் ஜெயிச்சிடுச்சே. இன்னும் இன்னாக்கா கோவம்?"

"மொத தடவயே ஜெயிச்சிருக்கும்டா. தோத்த குதிரைன்னு அதுக்குப் பேரு வாங்கிக் குடுத்தானுங்களே, அத்த யாரு அழிப்பா?"

அவன் படத்தை எடுத்தான். அடுத்த ஞாயிறு முதல் கேமரா முன் ஜெனிஷாவே உட்கார்ந்தாள்.