பேச்சிச்செல்வியின் குதிகால்

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். மூன்றே வரி, ஆங்கிலத்தில், என் கிளினிக் லெட்டர்பேடில். தூத்துக்குடியில் இருபது வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். பெரிய டாக்டர்களுக்கு நான் எழுதும் ரெஃபரல் கடிதங்களே என் மொத்த இலக்கியம். யாரும் வாசிப்பதில்லை என்பதால் விமர்சனமும் இல்லை.

2

‘கடல் அன்று கருநீலமாக…’

(அடித்துவிட்டேன். பேச்சிச்செல்வி வேலை பார்ப்பது இறால் உரிக்கும் கம்பெனியில். அங்கே ஜன்னலே கிடையாது.)

‘ஒரு திங்கட்கிழமை, உரித்துக்கொண்டு நின்றவளின் வலது கால் அவள் சொன்னதைக் கேட்க மறுத்தது.’

இது இருக்கட்டும். வயது முப்பத்திநாலு. ஸ்கேன், ரத்தம் எல்லாம் சுத்தம். ‘அனைத்தும் நார்மல், காரணம் எதுவும் காணவில்லை’ என்று எழுதி நரம்பு டாக்டருக்கு அனுப்பினேன்.

எங்கள் ஊரில் இந்தக் கடிதம் ஒட்டாத கவரில், நோயாளி கையிலேயே போகும். போகிற வழியில் மருந்துக்கடைக்காரர் பிரித்து வாசித்துப் பொருள் சொல்வார். மருந்துக்கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “ஏளா, உனக்கு ஒண்ணுமே இல்லன்னு டாக்டரு போட்டிருக்காரு!” சாயங்காலத்துக்குள் கம்பெனி சூப்பர்வைசருக்கும் தெரிந்துவிட்டது.

(அண்ணாச்சியை வில்லனாக்க ஆசைதான். ஆனால் அவர் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. நான் எழுதியதே அதுதான்.)

3

நரம்பு டாக்டர் மனநல டாக்டரிடம் அனுப்பினார். அவரோ ‘மனதில் ஒன்றுமில்லை, நரம்பைப் பாருங்கள்’ என்று திருப்பிவிட்டார். நாலு மாதம். இடையில் ஒரு பெரிய டாக்டர், மாணவர்கள் சூழ நின்று, அவள் குதிகாலைப் பிடித்துப் பார்த்து, நடிக்கிறாள் என்று முடிவுகட்டி, “பிடிச்சாச்சு!” என்று சிரித்தாராம்.

யாரைப் பிடித்தார்? திருடியையா?

(கோபத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். குறைக்கவில்லை.)

4

போன வாரம் திரும்பி வந்தாள். கூடவே புருஷன் சுடலைக்கண்ணன், துறைமுகத்தில் லாரி ஓட்டுபவன்.

“சார், நோய் இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ணு எழுதித் தாங்க. ஒண்ணாந் தேதிக்குள்ள வந்து நிக்கலன்னா கம்பெனியில பேர எடுத்துருவாகளாம்” என்றாள்.

“எல்லாம் டென்சன் சார்” என்றான் அவன். “நெட்டுலயே போட்டிருக்கான்.”

அவளைப் படுக்க வைத்தேன். வலது குதிகாலுக்கு அடியில் அவன் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன்.

“வலது காலக் கீழ அழுத்துங்க” என்றேன் அவளிடம்.

ஒன்றுமில்லை. அவள் முகம்தான் வேர்த்தது.

“சரி, அத விட்டுருங்க. இடது காலத் தூக்குங்க.” தூக்க விடாமல் நான் மேலிருந்து தடுத்தேன்.

சுடலைக்கண்ணன் துள்ளினான். “ஏளா, வலது காலு அழுத்துதே!” அடுத்த மூச்சிலேயே, “அப்போ இம்புட்டு நாளும் நடிச்சியா?”

அவள் என்னைப் பார்த்தாள். “நானா சார் அழுத்துனேன்?”

“உங்க கால்தான். நீங்க சொன்னா கேக்கல, நீங்க கவனிக்காதப்ப வேல செய்யுது. நரம்பு நல்லாருக்கு, மூளை உத்தரவு போடுற வழியிலதான் சிக்கல். நடிப்பு இல்ல. இதுக்குப் பேரு இருக்கு, பயிற்சியும் இருக்கு.”

(முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. நாலு மாதம் தாமதமாகச் சொன்ன இந்த டாக்டர் கதாபாத்திரத்தை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம்.)

அவள் புருஷனிடம் திரும்பினாள். “இன்னொருக்கா கைய வையும்.”

வைத்தான். மறுபடியும் வைக்கச் சொன்னாள். நாலாவது முறை, “போதும்ளா, கை வலிக்கு” என்றான். நாலு மாதத்தில் அன்றுதான் சிரித்தாளாம்.

5

முடிவு அ: நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்து நடக்கிறாள். (நடப்பதுண்டு. எல்லோருக்கும் அல்ல.)

முடிவு ஆ: போகிற இடத்திலும் ஒருவர், “பிடிச்…”

எழுதவில்லை. அதற்குப் பதில் புதிய கடிதம் எழுதினேன், தமிழில். சத்தமாக வாசிக்கச் சொன்னாள். “‘பாவப்பட்ட பெண்’ங்கிறத எடுங்க சார்” என்றாள். எடுத்தேன். ‘இவருக்கு இருப்பது செயல்பாட்டு நரம்புக் கோளாறு. நடிப்பு அல்ல. அதற்கான அடையாளத்தை நான் பார்த்தேன், கணவர் பார்த்தார், இவரே பார்த்தார். பயிற்சி கொடுங்கள்.’

பிசியோதெரபி கொடுக்கும் மூன்று இடத்துக்குப் போன் செய்தேன். “ஸ்கேன் நார்மல்னா எதுக்கு சார் அனுப்புறீங்க?” என்றார் ஒருவர். மற்ற இருவரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள்.

ஒன்றாம் தேதிக்குப் பதினோரு நாள் இருக்கிறது. அவள் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். கடிதம் தயார், ஒரு வரி தவிர. எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நிரப்புங்கள்.

பெறுநர்: ……………………