எட்டாம் நம்பர் பூட்ஸ்

எங்கள் படைப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் வீரர்களை வரவேற்கும் நாளில் கமாண்டரும் சார்ஜென்டும்கூட அன்று காலை கிடங்கில் வாங்கிய புது பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நீயும் நானும் ஒன்று என்பதற்கு அடையாளம். கமாண்டர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்பார். "இல்லை, சார்" என்பதுதான் பதில். கடைசியில் சார்ஜென்ட் முன்னால் ஓட, எல்லாரும் மைதானத்தை மூன்று சுற்று சுற்றுவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே வரிசையில் நின்ற என் அண்ணன், "பூட்ஸ் சின்னது, சார்" என்று சொல்லிவிட்டான். அப்போதிருந்த கமாண்டர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுக்கச் சொன்னார். "நான் பார்த்துக்கிறேன், சார்" என்றார் இதே சார்ஜென்ட். கமாண்டர் தலை மறைந்ததும், "மாத்தணும்னா சீட்டு வேணும். சீட்டுல என் கையெழுத்து வேணும்" என்றார். கையெழுத்துப் போடவே இல்லை. மூன்று வாரம் அதே பூட்ஸில் ஓட வைத்து, புண் சீழ் பிடித்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியில் இடது கால் விரல் இரண்டை எடுத்தார்கள். இன்றும் செருப்புக் கடைக்கு அண்ணன் வரமாட்டான். என்னைத்தான் அனுப்புவான்.

நான் இங்கே கிடங்கு எழுத்தராகச் சேர்ந்து பதினான்கு மாதம். நான் யார் தம்பி என்று சார்ஜென்டுக்குத் தெரியாது. மாலை வகுப்புக்குப் போகிறவன் என்பதால் 'பேனா' என்று கூப்பிடுவார். உயரமான என் அண்ணனுக்கு 'நெட்டை' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

இந்தத் தடவை வரவேற்பு நாளுக்கு நான்தான் பூட்ஸ் எடுத்து வைத்தேன். சார்ஜென்ட் கால் அளவு ஒன்பது. புதிதாக வந்தவர்களில் முடிவெட்டும் தொழில் செய்தவன் ஒருவனுக்கு எட்டு. இரண்டு ஜோடியையும் பெட்டி மாற்றி வைத்தேன். பெட்டி மேல் ஒட்டிய பெயர்ச் சீட்டுகளை மூன்று தடவை சரிபார்த்தேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று தோன்றியது. வேண்டாம் என்பான். அதனால் கேட்கவில்லை.

"என்ன பேனா, என் ஜோடி ரெடியா?"

"ரெடி, சார்."

"பழசு கிழசு தள்ளிவிட்ட, தோலை உரிச்சிருவேன்."

மைதானத்துக்குப் போய்ப் போட்டதுமே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் புதியவர்கள் முன்னால் 'சின்னது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. அதை நம்பித்தான் செய்தேன்.

மைதானத்தில் நான் பட்டியலோடு ஓரமாக நின்றேன். கைகுலுக்கல் நடந்தது. இல்லை, சார். இல்லை, சார். சார்ஜென்ட் நெற்றியில் வேர்வை. பிறகு முடிவெட்டுகிறவன் முறை.

"பூட்ஸ் பெருசு, சார். நான் முன்னாடி போறேன், அது பின்னாடி வருது."

வரிசையில் சிரிப்பு கசிந்தது. எல்லாரும் 'இல்லை' என்பார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த அண்ணனுக்குத் தம்பியாக இருந்துகொண்டு இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

"உன் நம்பர் என்ன?" என்றார் கமாண்டர்.

"எட்டு, சார். இதுல ஒன்பதுன்னு போட்டிருக்கு."

சார்ஜென்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் பார்த்துக்கிறேன், சார்."

அதே வார்த்தை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவன் கால் போகும். வாயைத் திறந்தால் சார்ஜென்ட் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தப்பித்துவிடுவார். எதற்கும் நான் சட்டென்று முடிவெடுத்தவன் இல்லை. கால்தான் முன்னால் போனது.

"தப்பு என்னோடது, சார். பெட்டி மாறிப்போச்சு. எட்டு சார்ஜென்ட் கால்ல இருக்கு."

கமாண்டர் திரும்பினார். "அப்படியா சார்ஜென்ட்? சின்னதா இருக்கா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். புதியவர்கள் அத்தனை பேரும் அவர் காலையே பார்த்தார்கள்.

"குறை எதுவும் இல்லை, சார்."

"நிஜமா?"

"நிஜமா, சார்."

"அப்ப ஓட்டத்தை ஆரம்பிங்க. இந்தப் பையன் மட்டும் நிக்கட்டும்."

முதல் சுற்றில் நிமிர்ந்து ஓடினார். இரண்டாவதில் குதிகாலை ஊன்றவில்லை. மூன்றாவதில் பின்னால் வந்தவர்கள் அவருக்காக வேகத்தைக் குறைத்தார்கள். யாராவது நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். யாரும் சொல்லவில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை.

ஓட்டம் முடிந்து நான் கிடங்குக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் சார்ஜென்ட் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பதை எடு."

"சீட்டு, சார்."

"என்ன?"

"மாத்தணும்னா சீட்டு வேணும். காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்க உத்தரவுதான், சார். சுவத்துல ஒட்டியிருக்கு."

"கொழுப்பாடா? யார் நீ?"

"நெட்டையோட தம்பி."

"எந்த நெட்டை?"

"இடது கால்ல ரெண்டு விரல் இல்லாத நெட்டை."

யோசித்தார். "அவனுக்கு விரல் எல்லாம் இருந்துதே."

"இங்கேருந்து போகும்போது இருந்துது, சார்."

நாளையிலிருந்து என்னை என்ன பாடு படுத்துவார் என்று எனக்குத் தெரியும். சீட்டையும் பேனாவையும் ஜன்னல் வழியாகத் தள்ளினேன். ஒற்றைக் காலில் நின்றபடி, காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்: பூட்ஸ் சின்னது. கீழே கையெழுத்து.

ஒன்பதாம் நம்பர் ஜோடி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சீட்டை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். பிறகு அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"தேதி போடல, சார்."