மூன்று கிள்ளு

சவரிமேரி ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடி தண்ணீர் கோத்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் அந்தக் கண்ணாடியில் பனி படர்ந்தபடி இருந்தது. புருஷன் முகம் தெரிய வேண்டுமென்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை துடைத்துத் துடைத்தே விடிந்துவிட்டது. இப்போது மணி ஆறரை. பனியைக் காணோம். கண்ணாடிக்கு வெறுமனே வியர்த்திருந்தது. அவள் கால்மாட்டுப் பக்கம் குனிந்து தகரத்தில் காதை வைத்தாள். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அனிதா, இங்க வாடி. பொட்டி என்னமோ மாதிரி இருக்குது.”

மகள் அனிதா வந்து கண்ணாடியைத் தொட்டாள். பிறகு பெட்டிக்கு அடியில் கையை நுழைத்து ஒரு குழாயைத் தடவிப் பார்த்தாள். விரலை வெளியே எடுத்தபோது அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

“கேஸ் போயிடுச்சும்மா. எங்கியோ லீக்கு.”

மரியலூர்து முப்பத்தோரு வருஷம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு, “கொஞ்சம் மோர் குடு” என்றார். சவரிமேரி மோரைக் கரைத்து உப்புப் போட்டு எடுத்து வருவதற்குள், உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனுஷன், போகும்போதும் அப்படியே போனார். மகன் ஆரோக்கிய ஜெகன் தோஹாவில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் போனில், “அம்மா, நான் வர்ற வரைக்கும் அப்பா மூஞ்ச மூடிடாதீங்கம்மா” என்றான். மூன்று வருஷமாகப் பார்க்காத முகம். மூட மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று மத்தியானம் சென்னையில் இறங்கி, நாலு மணிக்கு மேல் கடலூர் முதுநகர் வந்துவிடுவான். ஐந்து மணிக்குக் கோயிலில் பூசை என்று ஃபாதர் சொல்லியிருந்தார்.

நடுவில் இருப்பது சித்திரை மாதத்துப் பகல் ஒன்று. அதற்கு இந்தப் பெட்டி போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மரியலூர்துவின் அண்ணன் இன்னாசி பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவர் நல்லவர்தான். ஆனால் எதிலும் முதல் ஆளாக முடிவு சொல்லிவிட வேண்டும் அவருக்கு.

“சவரிமேரி, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. வெயில் ஜாஸ்தியா இருக்குது. நான் ஃபாதர்கிட்ட பேசறேன். பதினோரு மணிக்கே எடுத்துடுவோம்.”

“ஜெகன் வரணும் மாமா.”

“வரட்டும். கல்லறையில வந்து பாக்கட்டும். விதி இருந்தா என்னா பண்றது? இல்லன்னா சொல்லு, துறைமுகத்துல ஆளு இருக்குது. நாலு ஐஸ் கட்டி எறக்கச் சொல்றேன்.”

“அவுரு என்னா மீனா?”

கேட்ட வேகத்தில் இன்னாசி ஓரடி பின்னால் நகர்ந்தார். ஆனால் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஃபாதரிடம் பேசிவிட்டு வந்து, பத்தரைக்குள் முடிவு சொல்லச் சொன்னதாக அறிவித்தார்.

பெட்டி சிதம்பரத்திலிருந்து வந்தது. நேற்று கடலூரில் எந்தப் பெட்டியும் சும்மா இல்லை. அதை வாடகைக்கு விடுகிற கடையின் மெக்கானிக் அருள்முருகன் எட்டு மணிக்கெல்லாம் மினி லாரியில் கேஸ் சிலிண்டரோடு வந்து இறங்கினான். முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் தூக்கமும் பயமும் சேர்ந்தே இருந்தன.

“வேற பொட்டி இல்லியா தம்பி?”

“ஒண்ணு குமராட்சியில இருக்குதுக்கா. ஒண்ணு பெண்ணாடம் போயிருக்குது. ரெண்டுமே சாயந்தரந்தான் வரும். இதையே சரி பண்ணிடலாம்.”

நாலு பேர் சேர்ந்து மரியலூர்துவைத் தூக்கி பெஞ்சில் கிடத்தினார்கள். இரண்டு ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். சவரிமேரி ஈரத்துணியால் அவர் நெற்றியை ஒற்றி எடுத்தாள். அருள்முருகன் கால்மாட்டுத் தகரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இந்த ஜாயிண்டுதான். போன மாசம் நானே ரிங்கு போட்டு ஒட்டுனது. மறுபடியும் இதுலயே போயிருக்குது பாருங்க.”

அனிதா அவன் பக்கத்தில் மண்டியிட்டுச் செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். நேற்று ஷிப்டிலிருந்து ஓடி வந்தவள், இன்னும் கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, ரிங்கு எடத்துல இல்லியே.”

“என்னாம்மா?”

“வாய் கீழ பாத்த ஜாயிண்டு இது. ரிங்க சும்மா சொருகிட்டு நெருப்பு காட்டுனீங்கன்னா, சூடு ஏறுனதும் வழுக்கிக் கீழ எறங்கிடும். இங்க பாருங்க, ஒரு வெரக்கடை கீழ போயி உருகி நிக்குது. ஜாயிண்டுக்குள்ள பாதி வெறுமையா கெடக்குது.”

“மேல ராடு வெச்சித் தடவி விட்டேனே.”

“தடவுனா வெளியதான் மூடும். உள்ள போவாது.”

அருள்முருகனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். “நீ கம்பெனில பத்த வெக்கிற வேலையாம்மா?” என்று கேட்டான்.

“இல்லண்ணே. நெருப்பு ஆம்பளைங்க பாக்கறாங்க. நான் ரிங்கு மாட்டறவ.”

சவரிமேரிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. ஏனென்றால் சுற்றி உட்கார்ந்திருந்த, வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற அன்பியத்துப் பெண்கள் அத்தனை பேரிடமும், அனிதா கம்பெனியில் ஆபீசில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறாள் என்றுதான் அவள் நான்கு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தாள். டிப்ளமா படித்த பெண், ஏசி காயிலுக்குச் செப்புக் குழாய் பொருத்துகிற இடத்தில், குழாய் வாயில் வளையம் மாட்டுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு குழாயை இன்னொன்றின் வாயில் சொருகி, அந்த வாயோரம் ஒரு பற்றவைப்பு வளையத்தை மாட்டி நெருப்புக் காட்டினால், வளையம் உருகி இடுக்குக்குள் ஓடி அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. அதை மாட்டுவதற்கு ஒரு ஆளா என்று சவரிமேரியே வீட்டில் கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் மரியலூர்து சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

எதிர் வீட்டு மங்கலம் மெதுவாகத் திரும்பிச் சவரிமேரியைப் பார்த்தாள். சவரிமேரி புருஷனின் நெற்றியை ஒற்றுவதில் மும்முரமானாள்.

“நெருப்ப நீங்க புடிங்கண்ணே. ரிங்க நான் மாட்டித் தரேன்” என்றாள் அனிதா.

அருள்முருகன் ஒரு கணம் யோசித்தான். பிறகு நகர்ந்து இடம் விட்டான்.

மீதி கேஸை வெளியேற்றிவிட்டு அவன் பழைய இணைப்பை வெட்டி எடுத்தான். அனிதா புதுக் குழாய்த் துண்டின் முனையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். அவன் பையிலிருந்த ரிங் பாக்கெட்டைக் கையில் கொட்டிப் பொறுக்கி, ஒன்றைக் குழாயில் ஏற்றி, குழாயை மேல் வாயில் சொருகினாள். ரிங்கை வாயோரம் தள்ளி, சின்னக் குறடால் மூன்று இடத்தில் லேசாகக் கிள்ளினாள். பிறகு நகத்தால் குழாயைச் சுண்டினாள். காது கொடுத்தாள். தலையை ஆட்டிவிட்டு ரிங்கைக் கழற்றிப் போட்டாள்.

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, மணி ஒம்பதே முக்கால் ஆவுது. மாட்டுனத ஏன் கழட்டற?”

“ஆடுது பெரியப்பா.”

“கண்ணுக்கே தெரியல, அது ஆடுனா என்னா?”

“நெருப்புக்குத் தெரியும்.”

இரண்டாவது ரிங். ஏற்றினாள், தள்ளினாள், மூன்று கிள்ளு. சுண்டினாள். இந்த முறை குழாய் மட்டும் டிங்கென்றது. ரிங் ஆடினால் அதோடு சேர்ந்து வருகிற கிலுகிலுப்பு இல்லை. வீட்டில் அத்தனை பேர் இருந்தும் அந்தச் சத்தம் சவரிமேரிக்குக் கேட்டது. அவள் நெற்றித் துணியைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையையே பார்த்தாள். ஜெகனைப் பற்றியும், மணி பத்தாவதைப் பற்றியும், பெஞ்சில் கிடக்கிற அப்பாவைப் பற்றியும் அந்தக் கைக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அது அவசரப்படவில்லை. இப்படி ஒரு கை தன் வீட்டில் இருந்ததை நான்கு வருஷமாகத் தான் பார்க்கவே இல்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“பத்த வைங்கண்ணே. குழாய மட்டும் சுடுங்க. ரிங்கு மேல நெருப்பு பட வேணாம்.”

நீல நெருப்பு சீறியது. செம்பு கருத்து, பிறகு மங்கலாகச் சிவந்தது. ரிங் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நின்றது நின்றபடி கண் கலங்குவது போலக் கலங்கி, சட்டென்று மேல் வாய்க்குள் ஏறி மறைந்தது. வாயைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று மின்னியது. அருள்முருகன் நெருப்பை அணைத்துவிட்டு, “அட!” என்றான். சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல அது.

“அம்மா, சோப்பு நுரை கொண்டா.”

சவரிமேரி சொம்பில் சோப்பைக் கலக்கி எடுத்து வந்தாள். குழாய்க்குள் காற்றை ஏற்றிவிட்டு அனிதா நுரையை இணைப்பின் மேல் வழித்துவிட்டாள். லீக் இருந்தால் குமிழ் விடும் என்றாள். எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை சவரிமேரிக்கு. அவள் தரையில் உட்கார்ந்து, அந்த நுரையைப் பார்த்தபடியே அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லத் தொடங்கினாள். பத்து தடவை சொல்லி முடித்தாள். நுரை வடிந்தது. குமிழ் வரவில்லை.

“இன்னாசி மாமா, ஃபாதர்கிட்ட அஞ்சு மணின்னே சொல்லிடுங்க” என்றாள் எழுந்தபடியே.

குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கச் சின்னப் பம்பு ஒன்றை மாட்டிவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கண்டக்டர் கோவிந்தசாமி வந்தார். மரியலூர்துவோடு பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடியவர். மாலையைக் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். அனிதாவின் நீலக் கோட்டைப் பார்த்ததும் அழுகையை அடக்கமாட்டாமல் உடைந்துபோனார்.

“சிப்காட் தாண்டும்போது தெனம் பஸ்ஸ மெதுவா விடுவாருங்க. முன்னாடி சீட்டுல யார் ஒக்காந்திருந்தாலும் சரி, ‘அதோ அந்தக் கம்பெனிதான், எம் பொண்ணு ரிங்கு மாட்டறா, ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்தி எரநூறு ரிங்கு’ம்பாரு. கேக்காதவங்கிட்டயும் சொல்லுவாரு. ஒருநாள் ஒரு கலியாணக் கோஷ்டி லேட்டாவுதுன்னு சண்டைக்கே வந்துட்டாங்க.”

சவரிமேரி எதை வீட்டுக்குள் மூடி மூடி வைத்தாளோ, அதை அந்த மனுஷன் சிதம்பரம் வரைக்கும் ஊர் ஊராக இறக்கிவிட்டு வந்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு மேலேயே பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் மங்கலத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஆபீசுல எல்லாம் இல்லடி அவ. ரிங்கு மாட்டறா. நான்தான் பொய் சொன்னேன்.”

“தெரியும்க்கா” என்றாள் மங்கலம். “நாங்களும் அந்த பஸ்ஸுலதான போறோம்.”

கேஸை ஏற்றி மோட்டாரை ஓடவிட்டு, பதினொன்றரைக்கு மரியலூர்துவைத் திரும்பவும் பெட்டியில் கிடத்தினார்கள். ஒரு மணிக்குக் கண்ணாடியில் பனி படர்ந்தது. சவரிமேரி துடைத்தாள், மறுபடி படர்ந்தது. நேற்று ராத்திரி எரிச்சலோடு துடைத்தவள் இப்போது ஆசையாகத் துடைத்தாள்.

ஜெகன் வந்தபோது நாலு இருபது. காரிலிருந்து இறங்கியவன் செருப்பைக்கூட விடாமல் உள்ளே ஓடி வந்தான். மூடியைத் தூக்கினார்கள். அவன் அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. யாரும் அவனை எழுப்பவும் இல்லை.

“அப்படியே இருக்காரும்மா” என்றான் கடைசியில்.

இன்னாசி மூக்கைச் சிந்திவிட்டு, அவன் தோளைப் பிடித்து, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஐஸ் கட்டிப் பேச்சை மட்டும் விட்டுவிட்டார். ரிங் ஆடுகிறது என்று தானே முதலில் கண்டுபிடித்தது போலத்தான் சொன்னார். சவரிமேரி திருத்தவில்லை.

கோயில் மணி அடித்தது. சவப்பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். பூசைக்கு எடுக்க வேண்டிய நேரம். அருள்முருகன் பிளக்கைப் பிடுங்கச் சுவரோரம் போய்க் கையை வைத்தான்.

“இரு தம்பி” என்றாள் சவரிமேரி. “அவ வரட்டும்.”

அனிதா கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் ஈரக் கையைக் கோட்டில் துடைத்தபடி வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய் சுவிட்சை அணைத்தாள்.

மோட்டார் நின்றது. தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் வீட்டுக்குள் கேட்டது.