நாலாம் கவுன்ட்டர் மேல் பதினோரு புகார்

பஸ் பாஸ் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்கு முதல் வாரம் கிடைத்த வேலை, புகார்ப் பெட்டியைத் திறந்து உறைகளை எண்ணுவது. உறையின் மேலேயே எந்தக் கவுன்ட்டர் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கையைப் பதிவேட்டில் போட்டுவிட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

"பிரிச்சுப் படிக்க வேணாமா சார்?" என்று கேட்டாள்.

"படிக்க ஆரம்பிச்சா நீ ரிட்டயர் ஆயிடுவம்மா," என்றார் சூப்பரின்டெண்ட்.

ஒட்டிய உறையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. இந்த மூக்கை நுழைக்கிற புத்திக்காக வீட்டில் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. அலமாரியில் பழைய கட்டு ஒன்று அவள் கண்ணில் பட்டது. நாலாம் கவுன்ட்டர் மேல் மாதத்துக்கு ஒன்றாகப் பதினோரு உறைகள். எல்லாம் ஒரே கையெழுத்து, தடித்த பென்சிலில். ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன தீராத கோபம்?

சாப்பாட்டு நேரத்தில் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு முதல் உறையைப் பிரித்தாள். காகிதத்தின் பின்பக்கம் ஏதோ ஜன்னல் சட்டத்துக்கான அளவுகள். எழுதியவர் தச்சர் போலிருக்கிறது. முன்பக்கம் இப்படி இருந்தது:

"ஐயா, பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் அம்மாவுக்குப் பேச்சு குழறும். எங்கே போனாலும் அம்மா பேரை என்னிடம்தான் கேட்பார்கள். இன்று நாலாம் கவுன்ட்டரில் இருந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. 'உங்க பேரு சொல்லுங்கம்மா' என்று அம்மாவையே கேட்டார். அம்மா சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடவும். இங்கே வேறு பெட்டி இல்லாததால் இதில் போடுகிறேன்."

மற்ற பத்தையும் பிரித்தாள். எல்லாமே நன்றிதான். ஒன்றில், "இன்று அம்மா தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார்" என்ற ஒரே வரி.

நாலாம் கவுன்ட்டரில் இப்போது உட்கார்ந்திருப்பது வேறு ஆள். முன்பு இருந்தவர் எங்கே என்று தபால் பிரிக்கும் அண்ணனிடம் விசாரித்தாள்.

"அந்த அக்காவா? புகார் ஜாஸ்தின்னு ரெண்டு மாசம் முன்னாடி கீழே ரெக்கார்டு ரூமுக்குத் தூக்கிட்டாங்க. நல்ல மாதிரிதான். ஆனா பதினொண்ணு சேர்ந்துபோச்சே."

கடிதங்களை சூப்பரின்டெண்ட் மேஜையில் வைத்தாள். மூன்றாவதைப் படிக்கும்போதே அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்," என்றார். இருவரும் கீழே இறங்கினார்கள்.

அந்த அக்கா ஏணியில் நின்று ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடிதங்களை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"யாரை என்ன சொல்லி நோகடிச்சேன்னு தினமும் யோசிச்சிட்டிருந்தேன் சார். வரிசையில வர்ற இத்தனை பேர்ல இவங்க முகம்கூட ஞாபகம் வரலையே."

குமாஸ்தாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மகன் பக்கத்துலேயே நின்னாரே, நீங்க ஏன்க்கா அந்தம்மாவைக் கேட்டீங்க?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பாஸ் அவங்களுக்குத்தானேம்மா?"

"தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க," என்றார் சூப்பரின்டெண்ட்.

"அதை மேலே வந்து சொல்லுங்க சார். நான் தலையைக் குனிஞ்சிட்டு இறங்கினதை எல்லாரும் பாத்தாங்க."

மறுநாள் காலை, கவுன்ட்டர் திறப்பதற்கு முன் எல்லோரையும் கூட்டி, சூப்பரின்டெண்ட் முதல் கடிதத்தை வாசித்தார். பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்தார். பிறகு எல்லோர் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றே அவள் நாலாம் கவுன்ட்டருக்கு வந்துவிட்டாள்.

"அந்தத் தச்சர் வந்தா நடந்ததைச் சொல்லணும்க்கா," என்றாள் குமாஸ்தா.

"வேண்டாம். தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு மனசு ஒடிஞ்சுபோயிடுவார். அப்புறம் யாருக்கும் நன்றியே சொல்ல மாட்டார்."

அடுத்த மாதம், காதில் தடித்த பென்சிலோடு, தச்சர் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ரெண்டு மாசமா உங்களைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று தச்சர் கேட்டார்.

"கீழே கொஞ்சம் வேலை இருந்துச்சு," என்றாள் அக்கா. பிறகு அவர் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.