ஒட்டாத ரத்தம்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் சிரிக்கிறார்களே என்று உண்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

டயாலிசிஸ் வடிகட்டி செய்கிற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பூச்சு வேலை பார்த்தவருக்கு வழுக்கல் என்று பெயர். பெற்றவர்கள் வேறொரு பெயர் வைத்திருந்தார்கள், அது நிலைக்கவில்லை. வடிகட்டி என்பது முழங்கை நீளக் குழாய். அதற்குள் தலைமுடி கனத்தில் நடுவே துளை ஓடும் ஆயிரக்கணக்கான நூல்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தம் இந்த நூல்களுக்குள் ஓடி அழுக்கைக் கழித்துவிட்டு உடம்புக்குத் திரும்பும். ஆனால் ரத்தத்துக்கு ரோஷம் அதிகம். பிளாஸ்டிக்கைத் தொட்டதும் 'இது நம் வீடில்லை' என்று கண்டுபிடித்து, முறைத்துக்கொண்டு அங்கேயே உறைந்து உட்கார்ந்துவிடும். உட்காராமல் இருக்க நூலின் உட்சுவரில் ஒரு பூச்சு வேண்டும். அந்தப் பூச்சு தண்ணீரை மெல்லிய ஏடாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தமும் தன் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கிறோம் என்று நம்பிப் போய்விடும்.

வழுக்கல் செய்த பூச்சு அப்படிப்பட்டது. பூசிய குழாயின் மேல் உட்கார வந்த ஓர் ஈ சாயங்காலம் வரை முயன்று பார்த்துவிட்டு, களைத்துப்போய்த் தரையில் படுத்துக்கொண்டது. ஒருமுறை ஒரு கிண்ணம் பூச்சு வாசலில் சிந்திவிட்டது. கோப்பும் கையுமாக உள்ளே கால் வைத்த டைரக்டர், கம்பீரம் சற்றும் குலையாமல் கேன்டீன் வரை போய்த்தான் நின்றார். போனது போனோம் என்று ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

இதெல்லாம் பெரிதில்லை. வழுக்கலுடைய அக்காவின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. வயிற்றில் புண் இருந்ததால் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியும் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் வடிகட்டி பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். அதில் மாட்டிய ரத்தம் போனது போனதுதான். அத்தான் வெளுத்த துணி மாதிரி வீடு வந்து சேருவார். அதனால் புதிய பூச்சை முதலில் சோதிக்கும் நோயாளியாக அவரே பெயர் கொடுத்தார். அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "என் தம்பி கண்டுபிடிச்சதுதான். இனிமே இவருக்கு ஒரு சொட்டுகூட வீணாகாது."

சோதனைக்கு முந்தின வாரம் அத்தான் வீட்டு மாடியில் துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வழுக்கல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு இருக்கு அத்தான். அதுதான் மொதல்ல போய் ஒட்டும். அப்புறம் கூட்டாளிங்களக் கூப்பிடும்."

"நம்ம வீட்டு விசேஷத்துக்கு வர்றவங்க மாதிரின்னு சொல்லு. சரி மாப்ள, யாரு ரத்தத்த விட்டுப் பாத்தே?"

"என் ரத்தம்தான். புதுசா எடுத்தாத்தான் சரியா வரும். நான் ஊசியோட வர்றதப் பாத்தா ஆபீஸ்ல ஒருத்தன் இருக்க மாட்டான், எல்லாம் கக்கூசுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவானுங்க. நமக்கென்ன, ஊத்து மாதிரி இருக்கு. எத்தன தடவ விட்டாலும் ஒரு தட்டணு ஒட்டல அத்தான்!"

"அந்த ஒட்டுற பயலுக்கே ஒரு மாத்திர குடுத்து அடக்க முடியாதா?"

"முடியுமே. ஆஸ்பிரின். உங்க வயித்துப் புண்ணுக்கு அது ஆகாது. நான்கூட நெஞ்சுவலி வந்ததிலேருந்து தெனம் காலைல..."

வாய் திறந்தபடி நின்றது.

தினம் காலையில் மனைவி உள்ளங்கையில் வைக்கிற வெள்ளை மாத்திரை. தட்டணுவின் கையைக் கட்டிப்போடுகிற மாத்திரை. கை கட்டியவனைக் கொண்டுவந்து நிறுத்தி, 'பார், என் சுவரில் இவன் கீறல் போடவில்லை' என்று இத்தனை காலம் மார்தட்டியிருக்கிறார். மாத்திரை போடுகிறவன் ரத்தம் சோதனைக்கு ஆகாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான்.

"என்ன மாப்ள, காதெல்லாம் செவந்துபோச்சு?"

"வெயில் அத்தான்."

வானம் மூடி, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. காது சூட்டில் பக்கத்துக் கொடியில் தொங்கிய ஈரத்துண்டு காய்ந்துவிட்டது. அக்கா வந்து அதை மட்டும் மடித்து எடுத்துப்போனாள்.

அவர் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூச்சு ஒருவேளை நல்லதாகவே இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. யாருக்குத் தெரியப்போகிறது என்று இன்னொரு மனம் சொன்னது. அத்தானின் ரத்தத்தை வைத்துத் தன் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்பதும் தெரிந்தே இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்தார். மீசையின் இரண்டு பக்கமும் இரண்டு உயரத்தில் நின்றன.

சோதனை நாள். அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் காத்திருந்தார். நர்ஸ் புதுக் குழாயை மாட்டப் போனாள். டைரக்டர் புதுச் சட்டையில் நின்றார். அக்கா எல்லோருக்கும் பிஸ்கட் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"மாட்டாதீங்க" என்றார் வழுக்கல்.

மாத்திரை விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். பிஸ்கட்டைக் கடித்தவர்கள் மெல்லாமல் நின்றார்கள்.

அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடப் போ மாப்ள. ஒன் ரத்தம் எதுலயும் ஒட்டாதுன்னு எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும். பந்தில கூட்டம் ஏறினதும் மொத ஆளா நழுவினவன் நீதான்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. அக்கா சிரிக்கவில்லை. தட்டை மேசைமேல் வைத்தாள். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"போன வாரம்."

"இங்க வந்துதான் சொல்லணும்னு இருந்தியா தம்பி?"

 பழைய மாதிரிக் குழாயையே மாட்டினார்கள். வழுக்கல் நகராமல் பக்கத்தில் நின்றார். வெள்ளை நூல்களுக்கு நடுவே முதலில் ஒரு கருஞ்சிவப்புக் கோடு, பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. பாதியிலேயே அடைத்துக்கொண்டது. அத்தான் கம்பளியை மோவாய் வரை இழுத்துக்கொண்டு, "குளுருதுடா" என்றார், அவரைப் பார்க்காமல்.

"வேற ஆளுங்க ரத்தத்துல மறுபடி பாப்பமே. தப்பு ரத்தத்துலயா, பூச்சுலயான்னு தெரியாதில்ல?" என்று டைரக்டர் நல்லவிதமாகத்தான் சொன்னார். வழுக்கலுக்கு அதைக் கேட்கவே கூசியது. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் இருந்த பூச்சு அத்தனையையும் தொட்டியில் கொட்டினார். அன்றுமுதல் அந்தச் சாக்கடையில் எதுவும் அடைத்ததில்லை. எலிகள்கூட நிற்க முடியாமல் ஆற்றுக்குப் போய்விட்டன. செய்முறையின் கடைசிப் படி அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. அதை மறந்தே தீருவது என்று முடிவுசெய்தார். வெட்கப்பட்டவனுக்கு மறதி சுலபமாக வரும், அவருக்கும் வந்தது.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பே நெஞ்சுவலி டாக்டர் அவர் மனைவியிடம் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லியிருந்தார். சொன்னால் இவர் வாதாடுவார் என்று மனைவி தினமும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தது வெறும் கால்சியம் மாத்திரை.